ஏழு மேசை அக்கா

மாடியில் ஏழு மேசை. எதில் யார் உட்கார வேண்டும் என்பதை அக்காதான் முடிவு செய்வார். சாப்பிட வருகிறவர்களால் முடிவு செய்ய முடியாது. முதலாளியாலும் முடியாது.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஹோட்டல்கள் நிறைய உண்டு. எங்களுடையது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பார்த்து நின்றது. கீழே பக்கிங்காம் கால்வாய். ஊரில் யாரும் கால்வாய் என்று சொல்ல மாட்டார்கள். ஆறு என்பார்கள். மழை முடிந்த மாதங்களில் அது ஆறு மாதிரிதான் அகலமாகக் கிடக்கும். அந்தக் கரையில் சவுக்கு. சவுக்குக்குப் பின்னால் சூரியன் இறங்கும். கட்டடத்தில் இரண்டு மாடி லாட்ஜ். மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டுச் சாப்பாடு. சமையல்கட்டு ஒரு மாடி கீழே. படி திரும்பும் இடத்தில் ஒரு குழாய், ஒரு சிமென்டு மேடை. அது என் இடம். அங்கே உட்கார்ந்து மீன் வெட்டுவேன்.

அக்கா என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் எல்லோருக்கும் அக்கா என்பதால் எனக்கும் அக்கா. அவருக்கு நான் அண்ணாத்த. அது எப்படி என்று இரண்டு பேரும் யோசித்ததில்லை.

ஆள் கட்டையாக இருப்பார். சேலையை முட்டிக்குக் கீழே வரும்படி தூக்கிச் செருகியிருப்பார். காலில் ஆம்பிளைச் செருப்பு. படியில் சத்தம் கேட்டதும் வந்து மேலே நிற்பார். வருகிறவர்கள் கடைசிப் படியை மிதிப்பதற்குள் அவருக்கு மேசை தெரிந்துவிடும். எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். யார் முன்னால் வருகிறார், முன்னால் வருகிறவர் திரும்பிப் பார்க்கிறாரா, யாருடைய பையை யார் தூக்குகிறார், மூச்சு வாங்கினால் யார் நிற்கிறார். இவ்வளவுதான் என்றார். எனக்கு இவ்வளவும் தெரியாது. மீனைப் பார்த்தால் தெரியும். ஆளைப் பார்த்தால் தெரியாது.

இங்கிலீஷ் அவருக்கு நாலு வார்த்தை. கம், சிட், ஹியர், நோ. இந்த நாலை வைத்துக்கொண்டு எந்த தேசத்து ஆளையும் உட்கார வைத்துவிடுவார். நோ என்பதை மட்டும் அதிகம் சொல்வார்.

ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு ஜோடி வந்தது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். அந்தப் பெண்ணின் கையில் மருதாணி இன்னும் போகவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவே ஆறு படி இடைவெளி. எதிர் எதிராக நாற்காலி போட்ட மேசை ஒன்று காலியாக இருந்தது. அக்கா அதில் உட்கார விடவில்லை. ஓர மேசைக்குக் கூட்டிப்போய், இரண்டு நாற்காலியையும் ஒரே பக்கம் போட்டு, ஆற்றைப் பார்க்க வைத்துவிட்டு வந்தார்.

"எதிர எதிர உக்காந்தா மூஞ்சியப் பார்த்துகினு சண்டை போடுவாங்க அண்ணாத்த. ஒரே பக்கம் உக்காந்தா இன்னா பண்ணுவாங்க? ஆத்தைத்தான் பார்க்கணும்."

முதல் அரைமணி நேரம் அந்த மேசையிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கடம்பா வறுவல் ஒன்று கேட்டார்கள், கணவாயை நாங்கள் கடம்பா என்போம். பிறகு இன்னொன்று. சண்டை போடுகிறவர்கள் இரண்டாவது தட்டு கேட்க மாட்டார்கள். அது எனக்கே தெரியும்.

இன்னொரு பழக்கம் உண்டு. வண்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் டிரைவர் எங்கே என்று கேட்பார். டிரைவர்கள் கீழே வண்டியிலேயே இருப்பார்கள். இல்லையென்றால் எதிர்க்கடையில் பரோட்டா தின்பார்கள். அக்கா ஆள் அனுப்பி மேலே கூப்பிட்டு, வந்தவர்களுடைய மேசையிலேயே உட்கார வைப்பார். கூட வந்தவர் கூடத்தான் சாப்பிட வேண்டும் என்பார். சிலர் முகம் சுளிப்பார்கள். அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார்.

பெங்களூர்க் குடும்பம் ஒன்று அப்படிச் சுளித்தது. டிரைவரும் நெளிந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நண்டு வந்ததும் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அதை உடைக்கத் தெரியவில்லை. டிரைவருக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றாக உடைத்து எல்லாருக்கும் தட்டில் வைத்தார். போகும்போது அவர்களுடைய சின்னப் பெண் டிரைவரின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் அப்படிப் போகவில்லை. ஒருவர் போய் ஹோட்டலைப் பற்றிப் போனில் எழுதிவிட்டார். முதலாளி சின்ன வயசுக்காரர். நட்சத்திரம் எத்தனை விழுகிறது என்று தினமும் பார்ப்பார். அன்று மேலே வந்து எல்லோர் எதிரிலும் படித்தார். இங்கே இருக்கும் அம்மா எங்களை மூன்று தடவை இடம் மாற்றினார், சாப்பிட்ட பாதியில்கூடத் தட்டோடு எழுப்பினார் என்று இருந்தது.

அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"சாப்பாடு எப்டின்னு எழுதிக்கிறாங்க?"

நன்றாக இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள் என்றார் முதலாளி.

"மூணாவதா உக்கார வெச்ச எடத்துல சாப்ட்டதால நல்லா இருந்துச்சு நைனா. மொத எடத்துல பொகை அடிச்சிகினு இருந்துச்சு."

முதலாளி போனைப் பையில் போட்டுக்கொண்டு கீழே போய்விட்டார்.

அக்கா தப்பே செய்யாதவர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். தனியாக ஒரு ஆள் வந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தனியாக ஒரு பெண் வந்தார். இருவரும் படியேறிய விதத்தைப் பார்த்து அக்காவுக்கு ஏதோ தோன்றியிருக்கிறது. நாலாவது மேசையில் எதிர் எதிராக உட்கார வைத்துவிட்டார். பத்து நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெண் எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்தார். அவரும் நானும் டைவர்ஸ் ஆனவங்க அக்கா என்றார்.

அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். வேறு மேசை காலி இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்தது அன்றுதான். அந்தப் பெண்தான் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். பரவாயில்லை, நான் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன், ஆனால் அவர் எறா சொல்லப் போகிறார், அவருக்கு எறா ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும், நீங்கள் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள் என்றார்.

நான் உரித்து வைத்திருந்த எறாவை உள்ளே எடுத்து வைத்தேன்.

இனிமேல் பேரும் உறவும் கேட்காமல் யாரையும் சேர்த்து உட்கார வைக்க மாட்டேன் என்று அக்கா மறுநாள் காலையில் சொன்னார். மத்தியானம் வரைக்கும் அப்படியே இருந்தார்.

என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். அங்கே மருந்து கொண்டுவந்து கொடுக்கும் பையன் ஒருவன். மதுராந்தகத்துக்காரன். இருவருக்கும் பிடித்துவிட்டது. பையன் வீட்டில் பேசினான். பெண்ணைப் பார்க்கிறோம் என்றார்கள். எங்கள் வீடு ஒரே அறை. ஆறு பேர் வந்தால் நாலு பேர் வெளியே நிற்க வேண்டும். இந்தக் காலத்தில் ஹோட்டலில் வைத்துப் பார்க்கிறார்களே, உங்கள் ஹோட்டலிலேயே பார்க்கலாம் என்று பையன் சொல்லிவிட்டான். முதலாளியும் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை நாலரை மணி, கூட்டம் வருவதற்கு முன்னால்.

என் மகள் என்னிடம் எதுவும் கேட்கிறவள் இல்லை. அந்த வாரம் மட்டும் ஒன்று கேட்டாள்.

"இது மட்டும் நடக்கணும்ப்பா."

நடக்காவிட்டால் அவள் வேறு ஒருத்தனைக் கட்டிக்கொள்ள மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் அம்மா மாதிரி.

சனிக்கிழமை அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். எந்த மேசை என்று உடனே யோசிக்க ஆரம்பித்தார். நான் தடுத்தேன். நாளைக்கு மட்டும் யாரையும் மாற்றாதீர்கள், உட்கார்ந்தவர் உட்கார்ந்த இடத்தில் இருக்கட்டும் என்றேன்.

"சரி அண்ணாத்த. உக்காந்த ஆளை எழுப்ப மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல மீனைத் தரம் பிரித்தேன். எங்கள் மாடியில் மீனை முதலில் பச்சையாகவே தட்டில் அடுக்கி மேசைக்குக் கொண்டுபோய்க் காட்டுவார்கள். வந்தவர் விரல் நீட்டும் மீனை நான் வெட்டித் தருவேன். அதனால் தட்டுக்குப் போவதை நான்தான் பார்த்து எடுத்து வைப்பேன். ஆகாததைத் தனி வாளியில் போடுவேன். நண்டு பிடிக்கிறவர் தூண்டிலுக்கு எடுத்துப்போவார். அன்று ஒரு பெரிய கொடுவாவைக் கழித்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. செவுள் நிறம் மாறியிருந்தது. வாளியில் போட்டேன்.

பிறகு கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். என் மனைவியும் மகளும் வந்தார்கள்.

நாலரைக்கு அவர்கள் வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. அப்பா பெரிய மீசைக்காரர். நெல் மண்டியில் கணக்குப் பார்த்து ஓய்ந்தவர். மூன்று பேரும் ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தோம். கோர்ட்டு மாதிரி இருந்தது. அவர்கள் மேற்கே பார்த்து உட்கார்ந்ததால் வெயில் நேராகப் பையனின் அப்பா கண்ணில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். அதனால் கோபமாக இருப்பது மாதிரி தெரிந்தது. கோபமாகவே இருந்தாரோ என்னவோ.

அக்கா தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லுக்காக நின்றார்.

யாரும் பேசவில்லை. காபி வந்தது. குடித்தோம். பையனின் அம்மா என் மகளுடைய படிப்பைக் கேட்டார். அவள் சொன்னாள்.

பையனின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார். சூப்பர்வைசர் என்றால் லாட்ஜுக்கும் சேர்த்தா, சாப்பாட்டுக்கு மட்டுமா என்று கேட்டார்.

நான் சூப்பர்வைசர் இல்லை. அப்படி நான் யாரிடமும் சொல்லவில்லை. மகளைப் பார்த்தேன். அவள் பையனைப் பார்த்தாள். பையன் மேசையைப் பார்த்தான். அவன் வேலை அது. வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்களோ என்று பயந்து அப்படிச் சொல்லியிருக்கிறான்.

இல்லை என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். சொல்ல வேண்டியது நெஞ்சில் நிற்கும், மேலே வராது. என் மனைவி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

அந்த நேரம் அக்கா கீழேயிருந்து மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். தட்டைப் பையனின் அப்பாவுக்கு முன்னால் வைத்தார். எது வேண்டுமோ காட்டுங்கள், மாப்பிள்ளை வீட்டுக்காரர் கைதான் முதலில் என்றார். அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. மீனைப் பற்றித் தனக்கு யாரும் சொல்ல வேண்டாம் என்றும், ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன் என்றும் சொன்னார். தட்டில் இருப்பதிலேயே பெரிசைத் தொட்டார்.

நான் காலையில் கழித்த கொடுவா.

ஏரிப் பக்கத்து ஆட்கள் செய்யும் தப்பு அது. ஏரி மீன் கரையில் உயிரோடு துள்ளும். பெரிசாகப் பார்த்து எடுத்தால் போதும். செவுளைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு வராது.

"அது வேணாம்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏன்? நல்லாத்தானே கீது?" என்றார் பையனின் அப்பா.

நான் எழுந்து அந்த மீனை எடுத்தேன். விரலை விட்டுச் செவுளைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே பழுப்பாக இருந்தது.

"பழசு. காலைல நான்தான் கழிச்சிப் போட்டேன். எப்டி வந்துச்சின்னு தெரியல."

"நீங்களா?"

"ஆமா. நான் சூப்பர்வைசர் இல்லீங்க. இங்க மீன் வெட்றவன். ஒம்போது வருசமா."

அவ்வளவு பேச்சு ஒரே மூச்சில் வந்துவிட்டது. பையனின் அம்மா மகன் பக்கம் திரும்பினார். பையன் தலையை இன்னும் தாழ்த்தினான். என் மகள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

பையனின் அப்பா அந்தச் செவுளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டில் இருந்த வேறு ஒரு மீனின் செவுளைத் தானே தூக்கிப் பார்த்தார். சிவப்பாக இருந்தது. விரலை மூக்கில் வைத்து மோந்தார்.

"அப்போ எதை எடுக்கலாம்?"

நடுத்தரமான ஒன்றைக் காட்டினேன். எங்கே வெட்டுவீர்கள், பார்க்கலாமா என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் எழுந்துவிட்டார்.

படித் திருப்பத்துக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து வெட்டினேன். செதில் தெறித்தது. அவர் வேட்டியை மடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். வெயில் இல்லாத இடத்தில் அவர் முகம் வேறாக இருந்தது. இத்தனை வருஷம் மீன் தின்கிறேன், ஒரு தடவைகூட இதைப் பார்த்ததில்லை என்றார்.

"பொண்ணும் உங்கள மாதிரிதானா?"

"எப்டி?"

"கெட்டத மூஞ்சிக்கு நேரா கெட்டதுன்னு சொல்றது."

"என்னவிட அதிகம்."

"அப்போ எம்புள்ள பொய்யி இனிமே செல்லாது" என்றார். மீசை ஆடியது. சிரிக்கிறார் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

மேலே திரும்பி வந்தோம். எங்கள் மேசையில் ஒரு நாற்காலிகூடப் பழைய இடத்தில் இல்லை.

என் மனைவியும் பையனின் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முட்டி வலிக்கு எந்த மாத்திரை என்று பேச்சு. என் மகளும் பையனும் மேசையின் அந்தக் கோடியில். அவள் அவனை மெதுவான குரலில் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். வெயில் முதுகில் படும்படி இரண்டு நாற்காலி சேர்த்துப் போட்டிருந்தது. எங்கள் இருவருக்கும்.

நடந்ததை என் மனைவி அப்புறம் சொன்னாள். நாங்கள் கீழே போனதும் அக்கா சுவர் ஓரம் ஓடிப்போய், பூநாரை வருகிறது, சீக்கிரம் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். வேடந்தாங்கல் பக்கத்திலேயே இருந்தும் பூநாரையைப் பார்த்ததில்லை என்று பையனின் அம்மா எழுந்து போயிருக்கிறார். எல்லோரும் போயிருக்கிறார்கள். கீழே நாலு எருமை ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. எருமையை எங்கள் வீட்டு வாசலிலேயே பார்ப்போமே என்று அந்த அம்மா சிரித்திருக்கிறார். சிரித்து முடித்துத் திரும்புவதற்குள் நாற்காலி எல்லாம் மாறியிருந்தது.

வாக்கு கொடுத்தீர்களே என்பதுபோல அக்காவைப் பார்த்தேன். அவர் கீற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீன் வந்தது. எலும்பு மட்டும் மிஞ்சியது. சூரியன் சவுக்குக்குள் இறங்கும்வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை. அதற்குள் மற்ற மேசைகளுக்கும் ஆள் வந்துவிட்டார்கள். போகும்போது பையனின் அப்பா படியில் நின்று திரும்பினார்.

"மறுவூட்டு விருந்துக்கு ஏரி மீன் வேணாம் சம்பந்தி. கடல் மீன் போடுவோம். நீங்கதான் பார்த்து எடுக்கணும்."

சம்பந்தி என்று என்னை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தலையை ஆட்டினேன். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எலுமிச்சை, புளி எல்லாம் வீண். கை நன்றாக மீன் நாறியது.

சட்டையை மாற்றிக்கொண்டு என் இடத்துக்குப் போனேன். மூன்று மேசைக்கு மீன் வெட்ட வேண்டியிருந்தது. அக்கா காலித் தட்டோடு இறங்கி வந்தார். வாளியில் போட்ட கொடுவா தட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன்.

"அந்தாளு கேட்டதும் ஓடியாந்து நான்தான் கழுவி வெச்சேன்."

அதை அவர் தின்றிருந்தால் என்ன ஆவது என்றேன்.

"நீ வெட்ட வுட்டிருப்பியா?" என்றார். தட்டைக் குழாயடியில் கழுவ ஆரம்பித்தார். "அந்தாளு கேட்டதுக்கு நீ பதில் சொல்ல மாட்டேன்னு தெரியும் அண்ணாத்த. பொண்ணுக்காகக்கூட வாயத் தொறக்க மாட்டே. மீனு கெட்டிருந்தா தொறப்பே."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. சிரிப்பு வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அக்கா கழுவுவதை நிறுத்திவிட்டு என் முகத்தை அதிசயமாகப் பார்த்தார்.

"ஒம்போது வருசமா கூடக் கீறேன்" என்றார். "உனக்குப் பல்லு கீதுன்னு இன்னிக்குத்தான் பார்க்கறேன்."